நஞ்சு செலுத்தும் உயிரிகளும் நச்சுடல் உயிரிகளும்

தம் உடலில் சுரக்கும் நஞ்சைப் பல், கொடுக்கு, முள் போன்ற உறுப்பால் வேறோர் உயிரின் உடலைத் துளைத்து உள்ளே செலுத்துபவை நஞ்சு செலுத்தும் உயிரிகள் ஆகும். நஞ்சைத் தம் உடலிலேயே வைத்திருந்து, தம்மைத் தின்றவருக்கோ தொட்டவருக்கோ தீங்கு விளைவிப்பவை நச்சுடல் உயிரிகள் ஆகும். நல்ல பாம்பு, தேள், தேனீ, திருக்கை மீன் ஆகியவை முதல் வகை. பேத்தை மீன், தேரை, அரளி, நச்சுக் காளான் ஆகியவை இரண்டாம் வகை. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே "விஷம்" என்கிறோம். ஆனால் நஞ்சு உடலுக்குள் நுழையும் வழி வேறு, அதன் வேதியியல் வேறு, பாதிக்கப்பட்டவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவியும் வேறு. ஆகவே இது சொல்லைப் பற்றிய நுணுக்கம் மட்டுமன்று. உயிர் காப்பதற்கும் உதவும் அறிவு.

சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் முதல் வகை நஞ்சை 'வெனம்' என்றும் இரண்டாம் வகையைப் 'பாய்சன்' என்றும் பிரித்துச் சொல்வர். தமிழில் நஞ்சு, நச்சு, விடம், விஷம் எனச் சொற்கள் பல இருந்தும், அவை இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பாம்பின் பல்லில் இருப்பதும் நஞ்சு, காளானில் இருப்பதும் நஞ்சு, பூச்சிமருந்துப் புட்டியில் இருப்பதும் நஞ்சுதான். பாடநூல்களில் ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் மாணவர்கள் குழம்புவதற்கு இதுவே காரணம். இக்கட்டுரையில் தெளிவு கருதி, துளைத்து உட்செலுத்தப்படுவதைச் 'செலுத்து நஞ்சு' என்றும், உடலில் தங்கியிருந்து உண்பதாலோ தொடுவதாலோ தாக்குவதை 'உடல் நஞ்சு' என்றும் குறிப்பிடுவோம்.

கண்டறிய உதவும் மூன்று கேள்விகள்

ஓர் உயிரி எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய மூன்று கேள்விகள் போதும்.

1. நஞ்சு எப்படி உள்ளே போகிறது? தோலைத் துளைத்துப் போனால் செலுத்து நஞ்சு. வாய், மூச்சு, தோலின் மேற்பரப்பு ஆகியவற்றின் வழியாகப் போனால் உடல் நஞ்சு.

2. செலுத்துவதற்கென்று தனி உறுப்பு இருக்கிறதா? பாம்பின் நச்சுப்பல், தேளின் கொடுக்கு, மீனின் முதுகுமுள் போன்றவை இருந்தால் முதல் வகை. இரண்டாம் வகைக்கு அவை தேவையில்லை.

3. செயலைத் தொடங்குவது யார்? பாம்பு கடிக்கிறது, தேனீ கொட்டுகிறது, செயல் அவற்றுடையது. பேத்தை மீன் நம்மை ஒன்றும் செய்வதில்லை. நாம்தான் அதைத் தின்கிறோம்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் விதிவிலக்குகள் உண்டு. கெளுத்தி மீனை நாம் கையால் பிடிக்கும்போதுதான் அதன் முள் குத்துகிறது. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறிமீனைத் தொட்டாலும் அதன் கொட்டும் அணுக்கள் வெடித்துக் கையில் பாயும். ஆகவே முதல் இரண்டு கேள்விகளே முதன்மையானவை.

பூரானும் மரவட்டையும்

தமிழ்நாட்டு வீடுகளில் மழைக்காலத்தில் தவறாமல் காணப்படும் இரண்டு உயிரிகளைக் கொண்டே இந்த வேறுபாட்டை விளக்கிவிடலாம். இரண்டும் பல கால்கள் கொண்டவை. இரண்டும் பூச்சியினம் அல்ல.

பூரானுக்கு உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு சோடிக் கால் உண்டு. தலையை ஒட்டியுள்ள முதல் சோடிக் கால்கள் கூரிய கொக்கிகளாக மாறி, உள்ளே நச்சுச் சுரப்பியைக் கொண்டிருக்கின்றன. பூரான் கடித்தது என்று சொன்னாலும், உண்மையில் அது இந்தக் கால்களால்தான் துளைத்து நஞ்சைச் செலுத்துகிறது. விரைந்து ஓடி இரை பிடிக்கும் ஊனுண்ணி அது. இரையை அடக்க அதற்குச் செலுத்து நஞ்சு தேவை.

ரயில் பூச்சி என்று பிள்ளைகள் அழைக்கும் மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு சோடிக் கால்கள் உண்டு. அது மெதுவாக ஊர்ந்து, மட்கிய இலைகளைத் தின்று வாழ்வது. கடிக்கவோ கொட்டவோ அதற்கு உறுப்பு இல்லை. தொட்டால் சுருண்டுகொள்ளும். உடலின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து காட்டமான நெடியுள்ள நீர் கசியும். இந்நீரில் பல இனங்களில் குயினோன்கள் என்னும் வேதிப்பொருள்களும், சில இனங்களில் ஐதரசன் சயனைடும் உள்ளன. தின்ன வரும் பறவையும் பல்லியும் இதனால் விலகிப்போகும். நம் விரலில் பட்டால் பழுப்புக் கறை படியும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். ஆகவே பூரான் நஞ்சு செலுத்தும் உயிரி. மரவட்டை நச்சுடல் உயிரி.

நஞ்சு செலுத்தும் உயிரிகள்

பாம்புகள்: இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன; அவற்றுள் சுமார் 60 இனங்களே நஞ்சுள்ளவை. பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதலிரண்டின் நஞ்சு பெரும்பாலும் நரம்பைத் தாக்கும். இமைகள் தாமாக மூடிக்கொள்ளும்; பேச்சு குழறும்; மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விரியன்களின் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் குலைக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் பாதிக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்து உறங்குவோரை அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலியோடும் மூடும் இமைகளோடும் எழுபவருக்குப் பாம்புக்கடி என்ற எண்ணமே வராமல் போவதுண்டு.

தேள்கள்: உருவில் பெரிய கருந்தேளைவிடச் சிறிய செந்தேளே ஆபத்தானது. குழந்தைகளுக்கு அதன் நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் பாதித்து உயிரைப் பறிக்கக் கூடும். மகாராட்டிர மாநிலத்தின் மகாத் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் இம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்னும் இரத்த அழுத்த மருந்து செந்தேள் கொட்டியவர்களைக் காப்பதை 1980களில் கண்டறிந்தார். அதன்பின் இறப்புகள் பெரிதும் குறைந்தன.

தேனீ, குளவி, கதண்டு: இவற்றின் கொடுக்கு, முட்டையிடும் உறுப்பின் மாறுபட்ட வடிவம். ஆகவே கொட்டுபவை பெண்கள் மட்டுமே. ஒன்றிரண்டு கொட்டுகள் பெரும்பாலோருக்கு வலியோடு போய்விடும். ஒவ்வாமை உள்ள சிலருக்கு ஒரே கொட்டும் உயிராபத்தாகலாம்.

கடல்வாழ் உயிரிகள்: சொறிமீன், கல்மீன், திருக்கை, கடற்பாம்பு ஆகியவை நஞ்சு செலுத்துபவை. அழகிய ஓடுடைய கூம்பு நத்தை, ஈட்டி போன்ற வெற்றுப் பல்லைச் செலுத்தி மீனையே அசையவிடாமல் செய்து விழுங்குகிறது. அழகுக்காக அதைக் கையில் எடுப்பது ஆபத்து.

பாலூட்டிகள்: இவற்றுள் நஞ்சுள்ளவை மிகச் சில. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் ஆணுக்குப் பின்னங்காலில் நச்சுமுள் உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் மந்தத் தேவாங்கு, கைச் சுரப்பியின் நீரை நக்கி உமிழ்நீரோடு கலந்து கடிக்கிறது. தமிழ்நாட்டில் கடவூர் முதலிய காடுகளில் வாழும் தேவாங்கு, உடல் மெலிந்த வேறொரு பேரினம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

தாவரங்கள்: வேலியோரம் படரும் காஞ்சொறியின் சுணைகள் தோலில் குத்தி அரிப்பூட்டும் பொருளை உள்ளே விடுகின்றன. துளைத்துச் செலுத்துவதே இலக்கணம் என்றால், காஞ்சொறியும் நஞ்சு செலுத்தும் உயிரிதான்.

நச்சுடல் உயிரிகள்

பேத்தை மீன்: அச்சுறுத்தினால் நீரை விழுங்கிப் பந்துபோல் உப்பும் மீன் இது. இதன் இனங்கள் பலவற்றின் கல்லீரல், சினை முதலிய உறுப்புகளில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. நரம்புகளில் மின்துடிப்பைக் கடத்தும் சோடியம் கால்வாய்களை இது அடைத்துவிடும். சமைத்தாலும் அழியாது, இதற்கு மாற்றுமருந்தும் இல்லை. ஜப்பானில் 'ஃபுகு' என்ற பெயரில் இதை விரும்பி உண்கின்றனர். ஆனால் உரிமம் பெற்றவர்களே அதை அறுக்கலாம். கல்லீரலைப் பரிமாறத் தடை உள்ளது.

தேரை: கண்களுக்குப் பின்னால் தடித்துத் தெரியும் சுரப்பிகளில் பால் போன்ற நஞ்சு உள்ளது. தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளி அதைத் துப்பிவிடுவதைப் பலர் பார்த்திருக்கலாம். தேரையைத் தொடுவதால் மரு வராது. கையைக் கழுவினால் போதும்.

தவளையும் பறவையும்: கொலம்பியக் காடுகளில் வாழும் பொன்னிறத் தவளை ஒன்றின் தோலில் பாட்ரகோடாக்சின் என்னும் நஞ்சு உள்ளது. அங்குள்ள பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளின் நுனியை அதன் முதுகில் தேய்த்து வேட்டையாடினர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தவளையிடம் இருப்பது உடல் நஞ்சு. அம்பு நுனியில் ஏறியதும் அது செலுத்து நஞ்சாகச் செயல்படுகிறது. இதே வகை நஞ்சு நியூகினித் தீவின் பிடோகுய் என்னும் பறவையின் தோலிலும் இறகிலும் இருப்பதாக 1992இல் ஆய்விதழில் வெளியான செய்தி அறிவியல் உலகை வியப்பில் ஆழ்த்தியது.

தாவரங்களும் காளான்களும்: அரளியிலும் எருக்கிலும் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் உள்ளன. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் உள்ளது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடப்படும் இதன் கிழங்கை, வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டு இறந்தோர் உண்டு. நச்சுக் காளான்களுள் கொடியவை, உண்டு ஆறு மணி நேரம் கடந்த பின்பே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். இடையில் சற்று நலமானது போலத் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழக்கும்.

நஞ்சு செலுத்தும், ஆனாலும் உண்ணலாம்

இரு வகைக்கும் உள்ள வேறுபாட்டை நம் சமையலறையே மெய்ப்பிக்கிறது. திருக்கை மீனின் வாலில் உள்ள முள் நஞ்சுடையது; மீனவர்கள் அதை முதலில் வெட்டி எறிவர். ஆனால் திருக்கைக் குழம்பு கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் கொடுக்கப்படும் உணவு. கெளுத்தியின் முள் குத்தினால் கை வீங்கும். அதன் சதையோ சுவையானது. தேள்போல் கொட்டுவதால் தேளி என்று பெயர் பெற்ற மீனும் உண்ணப்படுவதே.

இயற்கையிலும் இதைக் காணலாம். ராஜநாகம் பிற பாம்புகளை, நல்ல பாம்பையும்கூட, விழுங்கி வாழ்கிறது. விழுங்கப்பட்ட பாம்பின் நஞ்சு மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடுகிறது. இதற்காகப் பாம்பு நஞ்சை வாயில் வைத்துப் பார்க்கலாம் என்று பொருளல்ல. வாயிலோ உணவுக்குழாயிலோ சிறு புண் இருந்தாலும் அது குருதியில் கலந்துவிடும்.

இடைப்பட்டவையும் இரண்டும் உடையவையும்

சில உயிரிகள் இவ்விரு கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் துப்பும் நாகங்கள், எதிரியின் கண்ணை நோக்கி நஞ்சைப் பீய்ச்சுகின்றன. துளைத்தலும் இல்லை, உண்ணலும் இல்லை. இத்தகைய பீய்ச்சு நஞ்சை மூன்றாம் வகையாகக் கொள்ள வேண்டும் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆனால் அதே நாகம் கடிக்கவும் செய்யும் என்பதை மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் விளக்கொளிக்கு வரும், எறும்பு போன்ற, கருப்பும் ஆரஞ்சும் கலந்த சிறு வண்டு ஒன்று கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. அதைத் தோலின் மேல் நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடமெல்லாம் மறுநாள் கொப்புளமாகும். பலர் இதைப் பூச்சிக்கடி என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இது உடல் நஞ்சு.

இரண்டு வகையும் ஒருங்கே உடையவை அரிது. ஜப்பானின் ஒரு வகை நீர்ச்சாரை இனப் பாம்பு கடித்து நஞ்சைச் செலுத்தும். அத்துடன், தான் தின்ற தேரைகளின் நஞ்சைக் கழுத்துச் சுரப்பிகளில் சேமித்து வைக்கும். தேரைகளே இல்லாத ஒரு தீவில் வாழும் அதே பாம்புகளின் கழுத்தில் அந்த நஞ்சு இல்லை. பிரேசிலில் இரண்டு தவளையினங்கள் நச்சுத்தோல் கொண்டிருப்பதோடு, தலையில் உள்ள முட்களால் குத்தி நஞ்சைச் செலுத்தவும் செய்கின்றன என்பது 2015இல் தெரியவந்தது.

வேதியியல் வேறுபாடு

செலுத்து நஞ்சுகளில் பெரும்பாலானவை புரதங்களும் பெப்டைடுகளும் ஆகும். ஒரே பாம்பின் நஞ்சில் பத்துக் கணக்கான வகைப் புரதங்கள் கலந்திருக்கும். இவை பெரிய மூலக்கூறுகள். முழுத்தோலை ஊடுருவிப் போக மாட்டா, வயிற்றில் செரித்துவிடும். ஆகவேதான் அவற்றைச் செலுத்த ஊசி போன்ற உறுப்பு தேவைப்படுகிறது. பல மீன்களின் முள்நஞ்சு சூட்டில் சிதைந்துவிடும்.

உடல் நஞ்சுகள் பெரும்பாலும் சிறிய மூலக்கூறுகள். குடலும் சில வேளை தோலும் அவற்றை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். கொதிக்க வைத்தாலும் பல சிதைவதில்லை. நன்றாக வேகவைத்தால் எந்தக் காளானையும் உண்ணலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்பதன் காரணம் இதுவே.

இவ்விதிக்கும் விலக்குகள் உள்ளன. குன்றிமணியிலும் ஆமணக்கு விதையிலும் உள்ள நஞ்சுகள் புரதங்களே. ஆயினும் விதையை மென்று விழுங்கினால் தீங்கு செய்யும். இன்னொன்று மேலும் வியப்பானது. பேத்தை மீனில் உடல் நஞ்சாக இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின், நீலவளைய எண்காலியின் உமிழ்நீரில் செலுத்து நஞ்சாக இருக்கிறது. மூலக்கூறு ஒன்றே, வழி வேறு. ஆகவே இரு வகைகளையும் பிரிப்பது நஞ்சின் பெயர் அன்று, அது சென்று சேரும் வழியே.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

செலுத்து நஞ்சைப் பெரும்பாலும் அந்த உயிரியே தன் சுரப்பியில் உருவாக்குகிறது. அதற்கு ஆற்றல் செலவாகும். தீர்ந்தால் மீண்டும் சுரக்க நாள்களாகும். எதிரியை விரட்டக் கடிக்கும் பாம்பு சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே விடுவதும் உண்டு.

உடல் நஞ்சு பல உயிரிகளில் இரவல் பொருள். நச்சுத் தவளைகளுக்கு அது அவை தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து கிடைக்கிறது. கூண்டில் வேறு உணவு கொடுத்து வளர்த்தால் அவற்றுக்கு நஞ்சு சேர்வதில்லை. டெட்ரோடோடாக்சினை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். உணவுச் சங்கிலி வழியே அது பேத்தை மீனைச் சேர்கிறது. நம் ஊர் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சைத் தன் உடலில் சேமிக்கிறது. சிறகு முளைத்த பின்னும் அந்த நஞ்சு தங்கியிருக்கும். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை, அந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் மறுபடி நெருங்காது.

இங்கிருந்து ஒரு பொது விதியும் கிடைக்கிறது. உடல் நஞ்சு தற்காப்புக்கு மட்டுமே பயன்படும். தின்ற பிறகு எதிரி வருந்துவதால் தின்னப்பட்டதற்கு நன்மை இல்லை. முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். ஆகவே நச்சுடல் உயிரிகள் பல பளிச்சிடும் நிறம் கொண்டுள்ளன. செலுத்து நஞ்சோ இரை பிடிக்கவும் பயன்படும். அத்தகைய உயிரிகள் பல, விரியனைப் போல, மண்ணோடும் சருகோடும் மறைந்து கிடக்கின்றன. வண்ணத்தைக் கொண்டு நஞ்சை முடிவு செய்வது நமக்கு ஏற்ற வழியன்று.

நஞ்சிலிருந்து மருந்து

பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தை 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் உருவாக்கினார். குதிரைக்குச் சிறு அளவில் பாம்பு நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே இம்முறை. இந்தியாவில் இன்று பயன்படும் மருந்து, மேலே கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்கக் கூடியது. அதற்குத் தேவையான நஞ்சை எடுத்துத் தரும் பணியில், செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு வகிக்கிறது. இச்சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. நஞ்சை எடுத்த பின் பாம்புகள் காட்டில் விடப்படுகின்றன. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

உடல் நஞ்சுகளுக்கு இத்தகைய முறிமருந்து பெரும்பாலும் கிடையாது. சிறு மூலக்கூறுகளுக்கு எதிராக உடல் எளிதில் எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை என்பது ஒரு காரணம். ஆனால் நஞ்சே மருந்தாவதும் உண்டு. பிரேசில் விரியன் ஒன்றின் நஞ்சு பற்றிய ஆய்விலிருந்து கேப்டோபிரில் என்னும் இரத்த அழுத்த மருந்து பிறந்தது. கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து பெற்ற சிகோனோடைடு என்னும் வலிநீக்கி 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. செங்காந்தளில் உள்ள கொல்கிசின் கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்து. அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

தவறான நம்பிக்கைகள்

அரணை கடித்தால் மரணம் என்பது ஊரறிந்த பேச்சு. அரணைக்கு நச்சுச் சுரப்பியும் இல்லை, நச்சுப்பல்லும் இல்லை.

பல்லி விழுந்த உணவு விஷமாகிவிடும் என்பர். வீட்டுப் பல்லியிடம் இரு வகை நஞ்சும் இல்லை. ஆனால் அதன் எச்சத்திலும் உடலிலும் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அந்த உணவைக் கொட்டிவிடுவது சரியே. காரணம் நஞ்சன்று, தூய்மைக்கேடு.

சாரைப் பாம்புக்கு வாலில் விஷம் என்பது தவறு. அதற்கு நஞ்சே இல்லை. வயல் எலிகளைத் தின்று உழவருக்கு உதவுவது அது.

கீரி ஏதோ ஒரு மூலிகையைத் தின்று பாம்பின் நஞ்சை முறிக்கிறது என்பர். கீரியின் தசைகளில் நாக நஞ்சு பற்றிக்கொள்ள வேண்டிய ஏற்பிகளின் அமைப்பு மாறியிருப்பதால், அந்நஞ்சு சரியாக ஒட்டுவதில்லை. கீரியின் உடலிலேயே உள்ள பாதுகாப்பு அது.

பாம்புக்கல்லும் மந்திரமும் பலரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ளவையும் சில வேளை நஞ்சைச் செலுத்துவதில்லை. அந்த நோயாளிகள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். உண்மையில் நஞ்சேறியவர் அங்கே காத்திருந்து இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாடுவதாகும்.

முதலுதவி

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். உலக நலவாழ்வு அமைப்பு 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

பாம்பு கடித்தால்: கடிபட்டவரை அமைதிப்படுத்தி, அசையாமல் படுக்க வைக்க வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். கடிபட்ட கை காலைச் சட்டம் வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் தளர்வாகக் கட்டலாம். இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் கூடாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. மருத்துவர் சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து, அது உறைகிறதா என்று பார்த்தே விரியன் நஞ்சைக் கண்டறிய முடியும்.

தேனீ கொட்டினால்: தோலில் பதிந்த கொடுக்கு நஞ்சை மேலும் செலுத்திக்கொண்டே இருக்கும். எந்த வழியிலாவது உடனே அகற்ற வேண்டும். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் தோன்றினால் மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் செல்ல வேண்டும்.

மீன்முள் குத்தினால்: பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது சுமார் 45 பாகை செல்சியசில், உள்ள நீரில் அவ்விடத்தை அரைமணி நேரத்திற்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். நீரின் சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். முறிந்த முள் உள்ளே இருந்தால் மருத்துவர் எடுக்க வேண்டும்.

நச்சுப் பொருளை உண்டுவிட்டால்: வாயில் மீதி இருப்பதைத் துப்பச் செய்து, வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டும். உப்புநீர் குடிக்கக் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கலாம். உண்டதன் மிச்சத்தை, அது இலையோ விதையோ காளானோ, ஒரு பையில் போட்டு உடன் கொண்டுசெல்ல வேண்டும். இங்கே அதுவே மருத்துவருக்குப் பெரிய துணை. இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காளானும் கண்வலிக்கிழங்கும் பல மணி நேரம் கழித்தே தம் வேலையைக் காட்டும்.

தோலிலோ கண்ணிலோ பட்டால்: தோலைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. கண்ணை ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிய பின் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த ஐந்து நிலைகளிலும் செய்ய வேண்டியது வெவ்வேறாக இருப்பதைக் கவனிக்கலாம். "விஷம்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டால், பாம்புக்கடிக்கு வாந்தி எடுக்க வைப்பவர்களும், விதையைத் தின்ற குழந்தைக்குக் கடிவாய் தேடுபவர்களும் உண்டாவார்கள். ஒருவர் பாதிக்கப்பட்டார் என்று கேட்டவுடன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே துளைத்துப் போனதா, உண்டதா, மேலே பட்டதா? அதற்கான விடையை மருத்துவமனை வாசலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், சிகிச்சை அந்த நிமிடமே சரியான திசையில் தொடங்கும்.